சக்கரத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலி

எங்கள் வேனுக்குள் எப்போதும் ஒரு கருங்கல் கிடக்கும். மேட்டில் நிறுத்தினால் அதைப் பின்சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டும். கிளம்பும்போது வண்டி ஒரு விரற்கடை முன்னே நகர்ந்ததும் உருவி எடுத்து உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டுவது என் கணவர் வேலை, கல் என் வேலை. இந்த மலையில் கட்டபெட்டைச் சுற்றியுள்ள எஸ்டேட் கடைகளுக்கு வர்க்கி பிஸ்கட்டும் பன்னும் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. கடைக்குக் கடை இறங்கி ஏறி, கல் வைத்து எடுத்து, என் இடுப்பு போனதுதான் மிச்சம்.

கல் இருக்கிற தைரியத்தில் ஹேண்ட் பிரேக்கை யாரும் கண்டுகொள்ளவில்லை. அதன் கேபிள் தளர்ந்து வெகுநாளாகியிருந்தது. "ஏனுங்க, இழுத்தா தொளதொளன்னு வருதே?" என்று கேட்டால், "கல்லு இருக்கறப்ப அது என்னத்துக்கு?" என்பார். சமவெளிக்காரன் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டான். அவனிடம் நம்புவதற்குக் கல் கிடையாது.

வண்டியில் சின்னச் சின்ன வேலைகளை ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுக்காமல் நாங்களே பார்ப்போம். கணவர் சக்கரத்தைக் கழற்றுவார், நான் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன், மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் கிண்டல் செய்வார். மழையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து வாக்கர் இல்லாமல் அவரால் எழ முடியாது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும் சரிவில் வேன் மேலே பார்த்து நிற்கும். அதற்குப் பின்னால், சரிவு முடிகிற வாசலில்தான் காலை வெயில் முதலில் விழும். அதனால் அவர் நாற்காலியும் அங்கேதான் கிடக்கும். குளிர் நாளில் வெயில் எங்கேயோ ஆளும் அங்கே, அவ்வளவுதான். அதில் ஆபத்து இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை.

அன்று முன்சக்கரங்களுக்குப் புது பிரேக் பேட் மாட்டினோம். செல்போனில் வீடியோ பார்த்து, அதை நிறுத்தி நிறுத்திச் செய்தார். புதுப் பேட் தடிமனாக இருக்கும். அது உள்ளே நுழைய, பிரேக்கை அழுத்தும் பிஸ்டனைப் பின்னால் தள்ள வேண்டும். மாட்டி முடித்த பிறகு பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தால்தான் பிஸ்டன் பழைய இடத்துக்கு வரும். அதுவரை பெடல் சும்மா கீழே போகும், பிரேக் பிடிக்காது. இது அவருக்குத் தெரியும். இடது சக்கரத்தை முடித்ததும் ஏறி உட்கார்ந்து கெட்டியாகும் வரை மிதித்தார், நானே பார்த்தேன். பிறகு டீ குடித்தோம். அப்புறம் வலது சக்கரம். அதை முடித்தபோது, மிதித்தாகிவிட்டது என்றே அவர் மனதில் இருந்திருக்கிறது. மிதித்தது உண்மைதான், ஆனால் அது இடது சக்கரத்துக்கு.

ஏறி ஸ்டார்ட் செய்தார். வண்டி கொஞ்சம் முன்னே நகர்ந்தது. கல்லை உருவி நிமிர்ந்தேன். நான் உள்ளே ஏறுவதற்காக அவர் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்தார். வேன் நிற்காமல் பின்னால் உருண்டது.

என் கையில் கல் இருந்தது. அதைத் திரும்பச் சக்கரத்துக்கு அடியில் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "மாமா" என்றேன். அவர் வேனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். எழ முடியாது என்று தெரிந்த மனிதன் எழப் பார்க்கக்கூட இல்லை. கணவர் விடாமல் மிதித்ததில் எப்படியோ பிரேக் பிடித்தது. வேன் வாக்கரைச் சாய்த்துவிட்டு, மாமனார் முழங்காலுக்கு அரை அடி முன்னால் நின்றது.

"ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்றார் மகனிடம்.

கணவர் இறங்கி வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தார். "மிதிச்சேன்னுதான் நெனச்சேன்" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "நெனப்புதான் பொழப்பைக் கெடுக்கும்" என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

அதற்குப் பிறகு அவர் வேனைத் தொடவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, வர்க்கி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனார். போக முடியாத கடைகளை ஒவ்வொன்றாக விட்டோம். யார் வண்டியிலாவது ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தாலும் என்னைக் கூப்பிட்டு, "அணைஞ்சிருக்குதான்னு பாரு" என்பார். ஆம்பளை இப்படி ஒடிந்து போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மாமனாருக்கும்தான்.

மழைக்காலம் முடிந்து நல்ல வெயில் அடித்த ஒரு காலையில், மாமனார் தார்ப்பாயை எடுக்கச் சொன்னார். "அன்னைக்குச் செஞ்சத எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி மாட்டு. மொதல்ல அந்த ஹேண்ட் பிரேக்கச் சரி பண்ணு" என்றார். கணவர் கேபிளை மாற்றினார். சக்கரங்களைக் கழற்றி மாட்டினார். போல்டை முறுக்கியதும் ஸ்பானரை என்னிடம் கொடுத்து, என்னையும் ஒருமுறை முறுக்கிப் பார்க்கச் சொன்னார்.

அப்போது மாமனார் என்னைக் கூப்பிட்டார். "அம்மணி, நாற்காலிய அங்க போடு." வேனுக்குப் பின்னால், பழைய இடத்தைக் காட்டினார்.

"உங்களுக்கென்ன புத்தி கித்தி பெரண்டு போச்சுங்களா மாமா?"

"வெயில் அங்கதான விழுகுது."

மகன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார். மல்லுக்கட்டிப் பார்த்தேன். "நீ போடலீன்னா நானே இழுத்துட்டுப் போவேன்" என்று வாக்கரைப் பிடித்ததும் வேறு வழியில்லாமல் போட்டேன். போர்வையைப் போர்த்தி, கையில் டீ டம்ளரையும் கொடுத்தேன். கணவர் முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார், நெடுநேரம் மிதித்தார். பிறகு இறங்கி, "நீ ஏறி மிதிச்சுப் பாரு" என்றார். அந்த சீட்டில் நான் அதுவரை உட்கார்ந்ததே கிடையாது.

"நீங்க பாத்தா போதாதுங்களா?"

"அன்னைக்கு என்ற காலு பொய் சொல்லிருச்சு. உன்ற காலையும் ஒருக்கா கேட்டுக்கறேன்."

மிதித்தேன். கல்லை மிதித்த மாதிரி இருந்தது. சொன்னேன். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துப் பார்த்தேன். அவர் நேராக அப்பாவிடம் போனார்.

"எடுக்கட்டுங்களா?"

"நீ பாத்தியல்லோ?"

"பாத்தேனுங்க."

"அம்மணி பாத்துச்சா?"

"பாத்துருச்சுங்க."

"அப்பறம் என்ன, எடு."

வேன் ஒரு விரற்கடை முன்னே நகர்ந்தது. கல்லை உருவினேன். இந்த முறை அதைச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கணவர் பிரேக்கை மிதித்தார். வேன் நின்றது, ஒரு நூல்கூட அசையவில்லை. உள்ளே ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்து அவர் அழுவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

அதைச் சொல்லலாம் என்று மாமனாரிடம் போனேன். அவர் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டம்ளர் காலியாக இருந்தது. டீ அத்தனையும் அவர் வேட்டியில் கொட்டியிருந்தது. கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

மகன் இறங்கி வருவதற்குள் போர்வையை இழுத்து அதை மூடினேன்.