பெயிண்ட் காயாத மாதா

போன வருடம் மாதா திருவிழாவுக்கு முந்தின வாரம், போர்ட் கிள்ளானில் ஒரு லோரிப் பட்டறைக்குள் செத்துப்போவேன் என்றே நினைத்தேன். மாதாவை நம்புகிற உங்களிடம் அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சாலாக் செலாத்தானில் கடைப்பலகை எழுதினேன். பங்சாரில் தட்டு கழுவினேன். கடைசியில் லோரிக் கதவுகளில் சாமி படம் வரைய வந்தேன். கட்டம் போட்டுத்தான் வரைவேன். காலண்டர் படத்தில் சின்னக் கட்டம், கதவில் பெரிய கட்டம். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து இறக்குவேன். படம் இல்லாவிட்டால் எனக்கு ஒரு மூக்குகூட வராது.

பட்டறைக்காரனோடுதான் குடும்பம் நடத்தினேன். பெல்ட், ஹெல்மெட், கைக்கு எது வருகிறதோ அதால் அடிப்பான். "நீ என்ன ஓவியக்காரியா? போட்டோஸ்டேட் மெஷின்டி நீ" என்பான். ஓடினால் தேடி வந்து கொல்வேன் என்று சொல்லியிருந்தான். செய்யக்கூடியவன்தான்.

சேவியர் அண்ணன் தன் லோரிக் கதவில் மாதா முகம் கேட்டு, காலண்டர் படம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அவரோடு சிரித்துப் பேசினேனாம். மறுநாள் காலையில் அவன் ஸ்பேனரால் என் முகத்தில் அடித்தான். இடது கண் மூடிக்கொண்டது. காலண்டரைக் கிழித்து என் வாயில் திணித்தான்.

"சாயங்காலம் லோரிய எடுக்க வர்றான். படம் முடியலன்னா உன் கைய உடைச்சிருவேன்."

ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுக் குடிக்கப் போனான்.

வாயிலிருந்த தாளைத் துப்பினேன். ரத்தத்தில் ஊறிக் கூழாகிக் கிடந்தது. எனக்குச் செபம் ஒழுங்காகத் தெரியாது. "மாதாவே, உன் முகம் எனக்கு மனப்பாடம் இல்ல. என்னை யாராவது ஒருத்தர் பார்க்கட்டும்" என்றேன். அவ்வளவுதான்.

கட்டம் போட எதுவும் இல்லை. மூக்கு எப்படி இறங்குகிறது, உதடு எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ள லோரியின் சைட் மிரரில் என்னையே பார்த்தேன். பார்த்துப் பார்த்துத் தூரிகையை ஓட்டினேன். என்ன வரைகிறேன் என்று யோசிக்கவில்லை.

சாயங்காலம் ஷட்டரைத் திறந்தவன் கதவைப் பார்த்தான். அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். நீல முக்காடு போட்ட மாதாவுக்கு இடது கண் வீங்கிக் கறுத்திருந்தது. உதடு கிழிந்திருந்தது.

அவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். வெளியே கார்ச் சத்தம் கேட்டது. என் கையையும் வாயையும் துணியால் கட்டி, பின்னாலிருந்த கழிவறைக்குள் தள்ளிப் பூட்டினான்.

சேவியர் அண்ணனும் அவர் மனைவி ரெஜினா அக்காவும் வந்தார்கள். உள்ளே எல்லாம் கேட்டது.

"இத வரைஞ்ச பொண்ணு எங்க?" என்றார் அக்கா.

"காலையிலயே அவங்கம்மா வீட்டுக்குப் போய்ட்டா, ஆன்டி."

அக்காவின் செருப்புச் சத்தம் லோரிக் கதவுப் பக்கம் போனது. பிறகு அக்காவின் குரல் மாறியது.

"யார்கிட்ட கதை விடுற? பெயிண்ட் என் விரல்ல ஒட்டுது லா! என்னங்க, பின்னால போய்ப் பாருங்க!"

நான் தலையால் கதவை முட்டினேன். அண்ணன் ஜாக்கிக் கம்பியால் பூட்டை உடைத்தார். அதற்குள் இவன் ஸ்பேனரோடு பாய்ந்தான். அண்ணனுக்கு முன்பல் போனது, தோள் எலும்பு உடைந்தது. அக்கா லோரிக்குள் ஏறி ஹாரனை அமுக்கியவர் கையை எடுக்கவே இல்லை. பக்கத்துப் பட்டறை ஆட்கள் ஓடிவந்து அவனைத் தரையில் அழுத்திப் பிடித்தார்கள்.

இப்போது அவன் சிறையில் இருக்கிறான். எனக்கு இடது கண் பாதிதான் தெரிகிறது.

படத்தை மாற்றி வரைந்து தரட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். முன்பல் இல்லாத வாயோடு சிரித்தார். "வேணாம்மா. எனக்கும் இப்ப மூஞ்சி அப்படித்தானே இருக்கு!"

அதன் பிறகு நான் கட்டம் போட்டதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில் தங்கி வரைகிறேன். கண்ணால் கண்ட முகங்களைத்தான் மாதாவுக்கும் புனிதர்களுக்கும் வைக்கிறேன். "மாதாவுக்கு அடிபட்ட கண்ணா?" என்று கோவிலில் ஒருவர் சண்டைக்கு வந்தார். அடிபட்டவளைப் பார்க்க அந்தக் கண்தான் வந்தது என்றேன். ஊர் ஊராய் அலைந்த எனக்கு இப்போது எங்கும் ஓடத் தோன்றவில்லை.

அடி வாங்கிக்கொண்டு இதைப் படிக்கிற சகோதரியே, அழகாகச் செபிக்கத் தெரியவில்லையே என்று தயங்காதே. தெரிந்த வார்த்தையில் கேள். கதவையும் தட்டு, பலமாகத் தட்டு. கிள்ளான் சாலையில் அந்த லோரி உன்னைக் கடந்தால் மாதாவின் கன்னத்தைப் பார். அக்காவின் விரல் பதிந்த இடம் அப்படியே இருக்கிறது. அதன்மேல் நான் பெயிண்ட் அடிக்கவில்லை.