நட்சத்திரத்தோட ஓரம் மங்கலா, வெளிச்சமா

கடல்ல எண்ணெ கலந்து நம்மாளுங்க வலையெல்லாம் தாரு கணக்கா கறுத்துப் போச்சே, அதுக்கு அடுத்த வெய்யக்காலம் இது. அந்த வலைய மண்ணெண்ண போட்டு தேச்சாலும் போவல. சரி, அத வுடு.

எம் பொண்ணு நட்சத்திரத்த பத்தி படிக்கிறா. நான் ஹார்பர்ல மூட்ட தூக்கனவன், அவ சொன்னத சொல்றேன். "நைனா, நட்சத்திரம் நடுவுல பளிச்சுனு கீது, ஓரத்துல மங்கலா கீது. முன்னாடி ஒரு கிரகம் குறுக்க போனா வெளிச்சம் துளி கொறையும். அத வச்சுதான் கிரகம் எம்மாம் பெருசுன்னு சொல்றோம். ஓரத்து மங்கல தப்பா போட்டா எல்லாம் தப்பு."

இத படிக்கிறவங்க இதுவரிக்கும் போட்ட கணக்குல ஓரம் ரொம்ப இருட்டா வருதாம். டெலஸ்கோப்புல பாத்தா அவ்ளோ இருட்டு இல்லியாம். அதனால நட்சத்திரத்து மேல கீற காத்துல காந்த சக்தியும் சேத்து எம் பொண்ணு புதுசா கணக்கு போட்டா.

"காந்தம்னா ஃபிரிட்ஜுல ஒட்டுமே, அதுவா?"ன்னா எம் பொஞ்சாதி.

"அதேதாம்மா, கொஞ்சம் பெருசு. இதுவும் ஒத்து வரலன்னா நான் மொதல்லருந்து ஆரம்பிக்கணும்"னா பொண்ணு. கணக்கு ஓடிகினு கீதுன்னு கம்ப்யூட்டர போட்டு வுட்டுட்டு காலேஜுக்கு பூட்டா.

எங்க லைன்ல ஒரு தபா வயரு பத்திகினு வரிசையா வூடு எரிஞ்சுது. அதுலருந்து வூட்ட பூட்டினா மெயின்ல ஃபியூஸ் கட்டைய புடுங்கி கையோட எடுத்துகினு போறது எங்க வழக்கம். அன்னிக்கு பொடவ எடுக்க நாங்க ரெண்டு பேரும் வண்ணாரப்பேட்டைக்கு கெளம்பினோம். மெட்ரோல குந்தினப்புறம் வெத்தல எடுக்க இவ சுருக்குப் பைய தொறந்தா, உள்ள ஃபியூஸ் கட்ட.

"யோவ், பொண்ணு கணக்கு..."ன்னா.

அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிட்டோம். அங்க நின்னுகினே காத்திவாக்கத்துல கீற அவ தங்கச்சிக்கு போன் போட்டு அழுவுறா: "பொண்ணோட நட்சத்திரத்த அணைச்சிட்டேன்டி."

வூட்டுக்கு திரும்பி ஃபியூஸ மாட்டிட்டு, சாயங்காலம் பொண்ணு வந்ததும் சொன்னோம்.

"ஏம்மா, நட்சத்திரம் இந்த டப்பாக்குள்ளயா கீது? கணக்கு ஓடறது வேற ஊர்ல, பெரிய மிஷின்ல. இதுல நான் எட்டித்தான் பாக்கறேன்."

"போட்டுக் காட்டு"ன்னா இவ. நம்பல.

போட்டா. கணக்கு முடிஞ்சு கெடந்துச்சு. ஸ்கிரீன்ல டெலஸ்கோப்பு பாத்த வெளிச்சம் ஒரு கோடு, பொண்ணு கணக்கு போட்டது ஒரு கோடு. ஓரம் வரிக்கும் ஒண்ணு மேல ஒண்ணு குந்திகினு கீது. பொண்ணு அப்டியே தரையில ஒக்காந்துட்டா. "வந்துடுச்சு நைனா." அப்புறந்தான் எங்களுக்கு பசியே தெரிஞ்சுது.

கொழுந்தியா மட்டும் நாங்க போன்ல சொன்னாலும் நம்ப மாட்டேன்றா. அங்க வலை பின்றவங்க கைல, "எங்கக்கா நட்சத்திரத்தையே அணைச்சவ"ன்னு சொல்லி சிரிச்சிகினு கீறாளாம். நீ அந்தப் பக்கம் போனா அவ கைல சொல்லு: ஒண்ணும் அணையல, ஓரத்து வெளிச்சம் கூட சரியா வந்துடுச்சுன்னு.