மண் நிற்காத இடம்

பன்னிரண்டு வருஷம் மண் பரிசோதனைக் கூடத்தில் சீசா கழுவியவள், முப்பத்தாறு வயதில் அதை உதறிவிட்டு, சதுப்பு நிலங்களை மீட்கும் குழுவில் கூலியாளாகச் சேர்ந்தாள். "சேத்துல இறங்கத்தான் இவ்வளவு நாள் வேலை பாத்தியா?" என்றான் தம்பி. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாணல் நட்டாள், களை பிடுங்கினாள், நிலத்தடி ஈரம் பார்க்கக் கோடு போட்ட குச்சிகளை ஊன்றித் தினமும் குறித்தாள். எட்டே வருஷத்தில் தளப் பொறுப்பாளர். எல்லாருக்கும் அவள் குச்சியக்கா.

அவள் தனியாகப் பொறுப்பேற்ற முதல் தளம், ஊருக்கு வெளியே கிடந்த பழைய கிடங்கு மைதானம். நாற்பது வருஷத்துக்கு முன் சதுப்பைத் தூர்த்துச் சமன்செய்த தரை அது. தூர்த்த புல்டோசரை ஓட்டியவர் அவளுடைய அப்பா. அதைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. இப்போது நினைவு தப்பி, பெற்ற மகளையே 'மேடம்' என்று கூப்பிடுகிறார். "இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் பதவி உயர்வு" என்று அவள் சிரிப்பாள்.

சிமென்ட் தளத்தைப் பெயர்த்தார்கள், வடிகால்களை அடைத்தார்கள். இரண்டு மழைக்காலம் போயும் குச்சிகள் காய்ந்த எலும்பாகவே நின்றன. நட்டதெல்லாம் கருகியது. ஒரு பூச்சிகூட சத்தம் போடவில்லை. நடந்தால் காலடியோசை மட்டும் தரைக்கு அடியிலிருந்து சற்றுத் தாமதமாகக் கேட்டது. வேலையாட்கள் தனியாகப் போக மறுத்தார்கள்.

ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது, அப்பா கட்டிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"கால மேல வச்சுக்கங்க மேடம். தண்ணி ஏறுது."

தரை காய்ந்து கிடந்தது. அவர் பாதங்கள் மட்டும் கணுக்கால்வரை நனைந்து, விரலிடுக்கெல்லாம் கருஞ்சேறு. துணைக்கு இருந்த பக்கத்து வீட்டம்மா, "அவர் எங்கயும் போகலம்மா, நான் வாசல்லதானே உக்காந்திருக்கேன்" என்று சத்தியம் செய்தாள்.

அவள் குனிந்து முகர்ந்தாள். அழுகிய முட்டை வாடை. சதுப்பின் அடிமண்ணுக்கே உரியது.

"எங்க போனீங்கப்பா?"

"எடைமேடைக்குப் பின்னாடி மண்ணு நிக்கமாட்டேங்குது. நாப்பது லோடு கொட்டிட்டேன். காலைல பாத்தா பள்ளம். கீழ யாரோ வாங்கிக்கிறாங்க மேடம்."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"இரும்புத் தகட்டைப் போட்டு வாயை அடைச்சேன்." அவர் அழ ஆரம்பித்தார். அப்பா அழுது அவள் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் மைதானத்தில், லாரிகளை நிறுத்தி எடைபோட்ட பழைய எடைமேடைக்குப் பின்னால் தோண்டச் சொன்னாள். பத்தடியில் இரும்பில் இடித்தது. தகட்டை நெம்பியதும், யாரோ தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம். இயந்திரம் ஓட்டியவர் இருக்கையிலிருந்து குதித்துவிட்டார். "அக்கா, மேல வந்துருங்க. எனக்கு இது சரியாப் படல."

பள்ளத்துக்குள் நின்றிருந்த அவள் நகரவில்லை. கறுத்த தண்ணீர் அவசரமில்லாமல் எழுந்து வந்து அவள் பூட்ஸைச் சூழ்ந்தது. அதே வாடை. சாயங்காலத்துக்குள், அரை மைல் தள்ளியிருந்த குச்சிவரை அடியிலிருந்து ஈரம் ஏறியிருந்தது.

அப்பா அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷமே கோரை தானாக முளைத்தது, கொக்குகள் இறங்கின. ஊற்றை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று மேலதிகாரிகள் கேட்டபோது, "அப்பா சொன்னாரு" என்றாள். பாதத்துச் சேற்றைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இப்போது வேறு மூன்று தளங்கள் அவள் பொறுப்பில் இருக்கின்றன. இயந்திரம் இறக்குவதற்கு முன், அங்கே மண் கொட்டியவர்களின் வீடு தேடிப் போகிறாள். சிலர் பேசுகிறார்கள். சிலர் அவளைப் பார்த்ததும், எதிர்பார்த்துக்கொண்டிருந்ததுபோல, நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள்.