பாதித் தெருவுக்கு மட்டும்

எங்கள் தெருவில் எல்லோரும் ஒரு காலத்தில் நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள். அறுபதுகளில் அம்பத்தூர்ப் பக்கம் தொழிற்பேட்டை வந்தபோது வயல்கள் போயின. நிலத்துக்காரர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு என்ன வழி என்று யாரும் கேட்கவில்லை. வயசுப் பிள்ளைகளைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. நானும் சுவிட்ச் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். கொஞ்சம் வயதானவர்களைக் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

அம்மா அப்போது எங்கள் ஊர் மன்றத்தில் உறுப்பினர். தேர்தலில் நின்று வந்தவள் அல்ல. மன்றத்தில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பதற்காகத் தலைவர் ஆளனுப்பிக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் கூட்டத்துக்குப் போகும்போது என்னையும் அழைத்துக்கொண்டு போவாள். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

சாராயக் கடைகள் திறந்துவிட்டிருந்த சமயம் அது. ஒரு கூட்டத்தில், தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிய தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் எழுந்தார். அவரும் உறுப்பினர்தான்.

“கம்பெனிங்க கட்ற வரி நம்ம கைக்கு வருது. அதுல ஒரு பங்க, வேல போன ஜனங்களுக்கு மாசாமாசம் குடுப்போம். மொதல்ல ஒரே தெரு, ஒரே வருசம். எந்த ஊட்லயும் போய் ஏன், எதுக்குன்னு கேக்க வேணாம். இன்னா ஆவுதுன்னு பாப்போம்.”

அவர் சொன்னது எங்கள் தெருவை. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ரைஸ் மில்காரர் முதலில் பிடித்துக்கொண்டார். “சும்மா துட்டு குடுத்தா எவன் வேலைக்குப் போவான்? நேரா சாராயக் கடைக்குத்தான் போவான்.” தன் நிலத்துக்கு வந்த நஷ்டஈட்டில்தான் அவர் அந்த மில்லையே கட்டியிருந்தார். அந்தப் பணத்தை அவர் எதில் செலவழிப்பார் என்று பேச எந்த மன்றமும் கூடவில்லை.

பிறகு ஆளாளுக்கு வெட்ட ஆரம்பித்தார்கள். ரேடியோ இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். குடிக்கிறவன் வீட்டுக்கு வேண்டாம். பெண் பிள்ளை கம்பெனிக்குப் போகிற வீட்டுக்கு வேண்டாம். இதைச் சொன்னவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதுவரை கூட்டத்தில் வாய் திறக்காத அம்மா எழுந்து நின்றாள். “எங்க தெருவுல குடிக்கிறவனும் கீறான், குடிக்காதவனும் கீறான். ரெண்டு பேர் ஊட்லயும் புள்ளைங்க பசிக்குதுன்னுதான் அயுவுது.”

யாரோ சிரித்தார்கள். டீயும் போண்டாவும் வந்தன. எல்லோரும் தின்று முடித்ததும் தலைவர் பேசினார். மற்ற உறுப்பினர்களை ‘நீங்க’ என்பார். அம்மாவை மட்டும் ‘நீ’.

“பாதித் தெருவுக்குக் குடுத்துப் பாக்கலாம். எந்த வீடுன்னு நீயே சொல்லும்மா. உனக்குத்தான் எல்லாரையும் தெரியும். அடுத்த கூட்டத்துல முடிச்சுடலாம்.”

நாங்கள் வீடு திரும்புவதற்குள் தெருவுக்குச் செய்தி போய்விட்டிருந்தது. மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் குழம்பு வந்தது, முருங்கைக்கீரை வந்தது. கூடவே கோளும் வந்தது. “அவ ஊட்ல ரெண்டு பேரு சம்பாதிக்கிறாங்க, அவளுக்கு எதுக்கு?” என்று ஒருத்தி. அவள் போனதும், “இப்ப போனாளே, அவ புருசன் குடிகாரன்” என்று இன்னொருத்தி. ஒரே வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரியின் கணவருக்கு பிரஸ் மிஷினில் விரல்கள் போயிருந்தன. அவள் யாரைப் பற்றியும் குறை சொல்லவில்லை. “அக்கா, என்னிய மறந்துடாதே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. “ஒரு ஊட்ட சொன்னா அடுத்த ஊட்டு அடுப்பில நானே தண்ணி ஊத்தினா மாரி” என்றாள்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் கேட்டவுடனே சொல்லிவிட்டாள். “குடுத்தா எல்லாருக்கும் குடுங்க. பாதிதான்னா நீங்களே பொறுக்கிக்குங்க. நான் சொல்ல மாட்டேன்.”

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை. “அந்தத் தெரு உறுப்பினருக்கே இஷ்டமில்ல. அப்ப இதை விட்டுடலாம்.” சங்கத்துக்காரர் மேஜையைத் தட்டிக் கத்தினார். விட்டுவிடலாம் என்று மற்ற கைகள் எல்லாம் உயர்ந்தன. அடுத்து, மெயின் ரோட்டில் வரவேற்பு வளைவு கட்டுவது பற்றிய பேச்சு வந்தது. அதற்கு ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

“உங்க ஆளே வேணாம்னுட்டாங்க, நாங்க இன்னா செய்யறது?” என்று மில்காரர் தெருவில் சொல்லிக்கொண்டு போனார். தெரு அம்மாவுக்கு எதிராகத் திரும்ப அது போதுமானதாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி குழாயடியில் எல்லார் எதிரிலும் கேட்டாள். “பாதி ஊட்லயாவது ஒல கொதிச்சிருக்குமே. நீ நல்லவன்னு பேர் வாங்கறதுக்கு எங்க வயித்துலயா அடிக்கணும்?”

நான் சண்டைக்குப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சங்கத்துக்காரர் ஒருநாள் வீடு தேடி வந்தார். “நீங்க ஊட்ட சொல்லியிருந்தாலும் வேற ஒரு சாக்கு வச்சிருப்பானுங்க, அக்கா” என்றார். அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை. அடுத்த தேர்தலில் அவர் தோற்றுப்போனார். எங்கள் தெருவிலேயே அவருக்கு ஓட்டு விழவில்லை என்றார்கள்.

அதன்பிறகு அம்மா கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். எனக்குக் கல்யாணமாகிப் பட்டாபிராமுக்குக் குடிபோனபோது என்னோடு வந்துவிட்டாள். அங்கே ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்த்தாள். ஓட்டுப் போடக்கூட அந்தத் தெருவுக்குப் போகவில்லை.

சில வருடம் கழித்து, விரல் போன அந்த மனிதர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அம்மா வேறு புடவை கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள். ரயில் இல்லையா என்று கேட்டேன்.

“கீது” என்றாள். “இன்னிக்கு அவ அயுவ வேண்டியது அவ புருசனுக்கு. என்னியப் பாத்தா வேற எதெதுவோ ஞாபகம் வரும்.”

புடவையை மாற்றிக்கொண்டு கேன்டீனுக்குக் கிளம்பிப் போனாள்.