சட்டைப் பையில் ஒரு பிளக் ஒயர்

போன திங்கட்கிழமை காலை வாசலில் சைக்கிள் மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன். தாலுகா ஆபீஸ் பியூன். கையில் ஒரு பழுப்புக் கவர்.

சைக்கிள் மணிக்குப் பயப்படுகிற ஆசாமி அல்ல நான் — அதாவது, போன திங்கட்கிழமை வரைக்கும். கவரைப் பிரித்தேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் மோட்டார் காரைத் துறைமுகத்துக்குப் பக்கத்து மைதானத்தில், ராணுவ அதிகாரியின் பார்வைக்குக் கொண்டுவர வேண்டியது. யுத்த வேலைக்கு லாயக்காக இருந்தால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும்.

"பயப்படாதிய. ஊருல உள்ள எல்லா வண்டியையும்தான் கூப்பிட்டிருக்காவ" என்றார் பியூன். நான் பயப்படுகிறேன் என்று இவருக்கு யார் சொன்னது? முகத்தில் அப்படி எழுதி ஒட்டியிருந்தது போலும்.

இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் காரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். வயது பதினைந்துக்கு மேல். நீளமான பானெட், அதை இழுத்துக் கட்ட ஒரு தோல் பெல்ட், மடித்துப் போடக்கூடிய முன் கண்ணாடி, கம்பி வீல். பஞ்சு மில் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறுகிற அவசரத்தில் தள்ளிவிட்டுப் போனார். அது என் தலையில் வந்து விழுந்தது.

கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் குனிந்து எழுதிக் கூன் விழுந்த ஹெட் கிளார்க்குக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு? நியாயமான கேள்வி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேஷன் பெட்ரோல் எவ்வளவு தூரம் இழுக்கிறதோ அவ்வளவு தூரம், திருச்செந்தூர் ரோட்டில் போவேன். முகத்தில் கடற்காற்று அடிக்கும். பைல் எங்கே, பாஸ் எங்கே என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். எனக்கு அந்த வண்டி மேல் ஆசை... கொள்ளை ஆசை. சொல்வதில் என்ன வெட்கம்?

ஆனால் அதை ஓட வைப்பது இருக்கிறதே — அப்பப்பா! யுத்த காலத்தில் சீமைச் சாமான் ஒரு திருகாணி கூடக் கிடைக்காது. எனக்கு வாய்த்த தெய்வம் சவேரி மேஸ்திரி. துறைமுகத்தில் லாஞ்ச் படகுகளின் எஞ்சின்களைப் பார்த்துக்கொள்பவர். பிரேக் கம்பி அறுந்தால் லாஞ்ச் கம்பியைப் போட்டார். மேலே மூடுகிற ஹூட் கிழிந்தால் தோணிப் பாய் தைக்கிற துணியில் தைத்து வாங்கி வந்தார். பாடிக்குள் இருக்கிற மரச் சட்டம் இற்றுப்போனபோது, தோணி கட்டுகிற ஓடாவி ஒருவரைக் கூட்டி வந்தார்.

அங்கேதான் வந்தது வினை.

ஓடாவி பிரமாதமாகச் செய்தார். இலுப்பை மரம், ஒரு மயிரிழை இடைவெளி கிடையாது. வேலை முடிந்ததும், எந்தத் தோணிக்கும் செய்வதுபோல, சட்டம் முழுக்கச் சுறா எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்து விட்டார்! நான் பதறியபோது அவருக்கு ஒன்றுமே புரியவில்லை.

"மரத்தை வெறுமனே அனுப்பலாமா அண்ணாச்சி? உப்புக் காத்து தின்னுபோடும்லா!"

எங்கள் வீடு சைவ வீடு. முட்டை என்ற சொல்லைக்கூடக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வோம். அந்த வீட்டு வாசலில், வெயில் ஏற ஏறச் சுறா எண்ணெய் மணக்கிற ஒரு கார். தெருப் பூனைகள் எல்லாம் அதன் அடியில்தான் குடித்தனம். என் மனைவி செண்பகம் அதில் ஏறி ஒரு வருஷம் ஆகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போவதைவிட நடந்தே போகலாமாம்.

கவரைப் படித்ததும் அவள் சொன்னது: "எடுத்துக்கிட்டுப் போட்டும். முருகனுக்குப் பால்குடம் எடுக்கேன்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்துத் தெரு உப்பு வியாபாரியின் லாரியைப் போன மாதம் எடுத்தார்கள். எங்கே இருக்கிறது, அஸ்ஸாமிலா, அரபு நாட்டிலா, அவருக்குத் தெரியாது. என் வண்டியை யாரோ ஒரு முரட்டுச் சிப்பாய் கியரை நறநறவென்று மாற்றி ஓட்டுவதாக நினைத்தாலே எனக்குப் பல் கூசியது.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டதும் நேரே சவேரி மேஸ்திரியிடம் ஓடினேன். வியாழக்கிழமை மட்டும் வண்டி ஓடாமல் இருக்க ஏதாவது செய்யச் சொன்னேன்.

"சேசு மரி சூசை! ஓடாம இருக்கதுக்கா?" அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஏன் அண்ணாச்சி, ரெண்டு வருசமா ராப்பகலா இதை ஓட வச்சவன் நான். சவேரி தொட்ட வண்டி மைதானத்துல படுத்துட்டுன்னு ஊரு பேசுமே. நான் துறைமுகத்துல தலை காட்டாண்டாமா?"

"வண்டி போயிடும் மேஸ்திரி."

அவர் துண்டை எடுத்தார். கையில் இருந்த கிரீஸைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு, "நீங்களா எதையாச்சும் பிடுங்கிப் போட்டுக்கிடுங்க. நான் பாக்கலை" என்றார்.

புதன்கிழமை நானாகப் பிடுங்கினேன். நாலு பிளக் ஒயரில் ஒன்று. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஸ்டார்ட் செய்து பார்த்தால், வண்டி நாலு காலில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. பாவமாக இருந்தது. மன்னித்துக்கொள் என்று மனசுக்குள் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை கிளம்புகிற நேரம், செண்பகம் உள்ளேயிருந்து திருநீற்றுத் தட்டோடு வந்தாள். ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடி மறு கையால் பானெட்டில் மூன்று கோடு இழுத்தாள். "பத்திரமா வந்து சேருங்க" என்றாள். எனக்குச் சொன்னாளா, வண்டிக்கா? நான் கேட்கவில்லை.

சவேரி மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் வண்டி புகைந்து, குலுங்கி, நடுநடுவே வெடித்தது. துறைமுகத்து ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மைதானத்தில் லாரிகளும் பஸ்களும் வரிசையாக நின்றன. அதிகாரி ஒரு வாலிப லெப்டினன்ட், மதராஸ்காரர். என் முறை வந்தது. அவர் வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். இரண்டடி பின்னால் போனார்.

"என்ன சார் இது நாத்தம்? மீன் ஏத்துறீங்களா இதுல?"

சிப்பாய்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கென்ன?

எஞ்சினைப் போடச் சொன்னார். போட்டேன். அது இருமின இருமலில் பக்கத்து பஸ் டிரைவர் குதித்து ஓடினார். லெப்டினன்ட் தலையை ஆட்டிக்கொண்டு காகிதத்தில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'லாயக்கில்லை.'

முருகா! வண்டி எனக்குத்தான்! ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்படியே வந்திருக்க வேண்டாமா? திரும்பத்தான் செய்தேன். ஒரு காலை வண்டிக்கு உள்ளேகூட வைத்துவிட்டேன்.

அப்போது அவர் பக்கத்து ஹவில்தாரிடம் சொன்னார்: "இதுக்குப் பேர் ஸ்போர்ட்ஸ் காராம். பழைய இரும்புக்குப் போட்டா பேரீச்சம்பழம்கூடத் தரமாட்டான்."

உள்ளே வைத்த கால் வெளியே வந்தது.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். மூன்று நாளாகச் சோறு தின்னாமல் வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது. ஆனால் என் வண்டியைப் பார்த்துப் பேரீச்சம்பழமா? என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று.

"மேஸ்திரி, பானெட்டைத் திறங்க" என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. சொன்னாக் கேளுங்க" என்றது மேஸ்திரியின் வாய். கை அதற்குள் தோல் பெல்ட்டை அவிழ்த்துவிட்டது.

ஒயரை மாட்டினார். ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் கணீரென்று பாடியது. லெப்டினன்டின் புருவம் உயர்ந்தது. "ஏறுங்க சார்" என்றேன். ஏறினார். பீச் ரோட்டில் விட்டேன். ஐம்பது மைல் வேகம். தோணிப் பாய் ஹூட் படபடத்தது. லெப்டினன்டின் தொப்பி பறந்தது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவ்வளவு நன்றாக அந்த வண்டி என்றைக்கும் ஓடியதில்லை — இனி ஓடவும் ஓடாது.

திரும்பி வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஃபர்ஸ்ட் கிளாஸ் வண்டி சார்! டெஸ்பாட்ச், அவசரக் கடுதாசி கொண்டுபோறதுக்கு இந்த மாதிரி ஒண்ணைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்" என்று சொல்லிவிட்டு, காகிதத்தில் இருந்த 'இல்லை'யை அடித்துத் திருத்தி எழுதினார்: 'லாயக்கு. சொல்லி அனுப்பும்போது கொண்டுவர வேண்டியது. அதுவரை ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டியது.'

காற்று போன டயர் மாதிரி ஆகிவிட்டேன். மேஸ்திரி மட்டும் பல்லெல்லாம் தெரிய ஒவ்வொரு சிப்பாயாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் செண்பகம் வாசலிலேயே இருந்தாள்.

"எடுத்துக்கிட்டாவளா?"

"இல்லை."

"வேண்டாம்னுட்டாவளா?"

"அப்படித்தான் முதல்லே சொன்னாங்க..." என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தப் பேரீச்சம்பழத்தை வாங்கிக்கிட்டு வந்திருக்கப்படாதா?" என்று உள்ளே போனாள். பால்குடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

பழைய கார் வைத்திருப்பவனுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு: ஓடாமல் நின்றுவிடுமோ என்று. எனக்கு இப்போது இரண்டு பயம். அது ஓடாவிட்டால் சர்க்கார் கேட்கும். ஓடினால் சர்க்கார் எடுக்கும். இதற்கு நடுவில், யாராவது அதைக் குறை சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிற மூன்றாவது பயம் வேறு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சைக்கிள் மணி கேட்கிறது. பால்காரராகத்தான் இருக்க வேண்டும்... ஆனால், எங்கள் பால்காரர் நடந்துதான் வருவார்.