நாரைக் கண்மாயில் ஒரு சலவை நாள்

எங்கள் குடியிருப்பில் போன வாரம் புறாக்களுக்கு எதிராகக் கூட்டம் போட்டார்கள். எச்சம் நாறுகிறதாம், பால்கனிக்கு வலை கட்ட வேண்டுமாம். நாறத்தான் செய்கிறது. எனக்கு அந்த வாடை வந்தால் அபிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரையில் குடித்தனம் தொடங்கியது ஞாபகம் வரும். வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி செல்லம் முதலில் கேட்டது, "இங்கன என்ன செத்துக் கெடக்கு?" என்றுதான்.

எதுவும் சாகவில்லை. கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்களில் நாரைகள் குஞ்சு பொரித்திருந்தன. எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு உரம் வேண்டாம். அதனால் அந்த ஊரில் தீபாவளிக்கு ஒரு வெடிகூடக் கொளுத்த மாட்டார்கள். கல்யாண ஊர்வலம் கரைக்கு வந்ததும், மேளக்காரர்கள் மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு திருடப் போகிறவர்கள் மாதிரி நடப்பார்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. பறவைகளைப் பற்றி யோசிக்க அரசாங்கத்துக்கு நேரமில்லை. கொசுவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொசு மருந்து அடிக்கும் வேலையில்தான் நான் இருந்தேன். இன்னும் நிரந்தரமாகவில்லை.

ராமநாதபுரத்திலிருந்து என் மேலதிகாரி சொல்லி அனுப்பினார்: ஞாயிற்றுக்கிழமை வருகிறார், துப்பாக்கியோடு. நாரைக் கறி நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் செல்லத்திடம் சொன்னேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

ஞாயிறு காலை ஜீப் வந்தது. அதிகாரியோடு கரையேறிப் பார்த்தால், ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் முழங்கால் தண்ணீரில், மரத்துக்கு மரம் நின்று துணி கசக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் அவ்வளவு துணி இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

"எப்பம்மா முடியும்?" என்றார் அதிகாரி.

வயல் வேலைக்குப் போகும் முத்தம்மாள் நிமிர்ந்தாள். "காயணும்லய்யா."

"தண்ணிக்குள்ளயா காயும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மொதல்ல நனையணும்."

அவர் தோட்டாவைப் போட்டு, மர உச்சியைக் குறி பார்த்தார். ஒருத்தியும் நகரவில்லை. முத்தம்மாளின் குரல் மாறிவிட்டது.

"குஞ்சுக இருக்குய்யா. ஆத்தாளச் சுட்டுட்டா அதுகளுக்கு யாரு எரை குடுக்கிறது? நீங்க வருவீகளா?"

அவர் குறி பார்த்த மரத்தடியில் ஒருத்தி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். துப்பாக்கி கொஞ்சம் இறங்கியது.

"மாசமா இருக்காப்ல இருக்கே. யார் வீட்டுப் பொண்ணு?"

"என் வீட்டுக்காரி சார்" என்றேன். அவள் கையிலிருந்தது என் காக்கிச் சட்டை.

"வெளிய வரச் சொல்லுய்யா!"

கூப்பிட வாயைத் திறந்தேன். செல்லம் என்னைப் பார்த்தாள். மேலே குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன.

"சொன்னா கேக்க மாட்டா சார்."

அது உண்மையும்கூட. அவர் துப்பாக்கியை முழுக்க இறக்கினார். பிறகு தோட்டாவை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். ஜீப்பில் ஏறும்போது, "மருந்தெல்லாம் ஒழுங்கா அடிக்கிறியா?" என்றார்.

"அடிக்கிறேன் சார்."

அடுத்த மாதமே தொண்டிக்கு மாற்றல் வந்தது. "மீனாச்சும் நல்லதாக் கெடைக்கும்" என்றாள் செல்லம். ஆனால் பஸ் கண்மாயைத் தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் மகள் தொண்டியில்தான் பிறந்தாள்.

வெகுகாலம் கழித்து அரசாங்கம் அந்தக் கண்மாயைச் சரணாலயம் என்று அறிவித்தது. செல்லம் இறந்த பிறகு ஒருமுறை மகளோடு காரில் போய்ப் பார்த்தேன். வளைவு, வேலி, ஏறிப் பார்க்கக் கோபுரம், காவலர் எல்லாம் இருந்தன. உள்ளே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. முத்தம்மாளைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

"பறவைங்க எங்க தம்பி?" என்று காவலரைக் கேட்டேன்.

"தண்ணி வந்தா வரும் சார்."

"தண்ணி வர்ற வாய்க்கால் ஒண்ணு இருந்துச்சே?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். அதன்மேல்தான் நாங்கள் காரை நிறுத்தியிருந்தோம்.