ஊசிக்குத் தெரியாத விரதம்

அறையில் மூன்று பேர் இருந்தோம். அக்குபங்சர் ஊசி குத்தும் சீனத்து அம்மா. என் மனிசி. கட்டிலில் நான். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கித் தோள் பிடித்திருந்தது. கை உயராவிட்டால் வேலை போய்விடும்.

"சாப்பிட்டீங்களா?" என்று அந்த அம்மா கேட்டா. அன்று வெள்ளி, எனக்கு விரதம். ஆர் கேட்டாலும் "ஓம், சாப்பிட்டாச்சு" என்றுதான் வாயில் வரும். அப்படியே சொன்னேன்.

ஊசிகள் ஏறின. நோகவில்லை. யன்னலில் பனி மேல்நோக்கிப் பெய்தது. நானும் அதோடு மிதந்தேன். நல்லாயிருந்தது.

எங்கேயோ தூரத்தில் மனிசி என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது. "முருகனுக்கு விரதம் தெரியும். ஊசிக்குத் தெரியுமே, அப்பா?"

மயங்கியிருக்கிறேன். அந்த அம்மா ஊசிகளைக் கழற்றிச் சீனித் தேத்தண்ணி தந்தா. வெறும் வயிற்றோடு வரக்கூடாதாம். புதிதாகப் போகிறவர்கள் இதை மறைக்க வேண்டாம்.

இப்போது சனியில் போகிறேன். கை தோள்வரை உயருது.

"சாப்பிட்டீங்களா?"

"ஓம், இடியப்பம்."

அந்த அம்மா நம்பவில்லை. "எத்தனை?"

"ஏழு."